சிவப்புப் பொட்டு சொன்ன சாட்சி

"நான் எடுக்கலம்மா. அந்த நேரம் மாடியில துணி காயப் போட்டுட்டு இருந்தேன். சாயந்திரத்துக்குள்ள ஆரம் வரலன்னா போலீஸாம். அப்புறம் ஆம்பூர்ல எந்த வீட்ல என்னை உள்ள விடுவாங்க?"

வீட்டு வேலை செய்து பிழைக்கும் சவுரியம்மாள் குர்ஷித் வீட்டு வாசலிலேயே நின்று அழுதாள். குர்ஷித் நிதானமாகச் செருப்பைத் தேடினார். போலீஸ் வேலையில் இருந்த காலத்திலும் அவர் அவசரப்பட்டு யாரும் பார்த்ததில்லை. அவரை அக்கா என்ற பொருளில் 'ஆபா' என்று கூப்பிடும் பக்கத்து வீட்டுத் தூபாவோ அதற்குள் தெருவில் இறங்கிவிட்டாள்.

ஆரத்தைப் பறிகொடுத்தவர், சவுரியம்மாள் வேலை செய்யும் வீட்டுக்காரர் வள்ளியம்மாள். குற்றம் சாட்டியவன் அவருடைய மருமகன் செந்தில்குமார், ஷூ கம்பெனி மேனேஜர். அவர்கள் அந்த வீட்டுக்குப் போனபோது, ஞாயிற்றுக்கிழமையிலும் சாம்பிள் ஷூ டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றான். அணைத்திருக்கும்போது சிவப்புப் பொட்டாக விளக்கு எரியும் சுவிட்சுகளை வீடு முழுக்க மாட்டியது தான்தான் என்று, யாரும் கேட்காமலே சொன்னான்.

"இருட்டுல சுவரைத் தடவ வேணாம் பாருங்க. இதெல்லாம் இவங்களுக்கு இன்னா தெரியும்?"

"இன்னா சுவிட்சோ! அணைச்சாலும் எல்.இ.டி. பல்பு பேய் மாதிரி மினுங்குது" என்று முணுமுணுத்தார் வள்ளியம்மாள்.

"நடந்ததைச் சொல்லுங்க தம்பி" என்றார் குர்ஷித்.

"ஸ்டோர் ரூமுக்கு ஜன்னல் கிடையாது. மத்தியானம் உள்ள போனேன், ஒரே இருட்டு. சுவிட்ச்ல சிவப்பு லைட் மட்டும் எரிஞ்சுது. அந்த வெளிச்சத்துல, பீரோவுல கை வச்சிருந்த இவளைப் பார்த்தேன். சுவிட்சைப் போட்டா பல்பு எரியல. கழட்டிட்டா! என்னைத் தள்ளிட்டு ஓடிட்டா. படிக்காத கழுதைக்கு இவ்ளோ மூளை!"

தூபாவுக்குக் கை துறுதுறுத்தது. குர்ஷித் கண்ணைக் காட்டவே அடங்கினாள்.

"பல்பைக் கழட்டினது யாரு?"

வள்ளியம்மாள் முந்தானையைத் திருகினார். "நான்தான்... காலையிலேயே. கரண்ட் வீணாப் போவுதேன்னு கழட்டி அரிசி டின் மேல வச்சேன்."

"அதனால இன்னா?" என்றான் செந்தில்குமார்.

"தூபா, அதை மாட்டு."

ஸ்டோர் ரூமுக்குள் போய், டின் மேலிருந்த பல்பை எடுத்து மாட்டினாள். அணைத்திருந்த சுவிட்சில் சிவப்புப் பொட்டு எரிந்தது. பல்பும் லேசாக மினுங்கியது. கழற்றினாள். பொட்டு அணைந்தது.

"ஆபா! போயிடுச்சு!"

"போகும். பொட்டு வழியா வர்ற கரண்ட் பல்புக்குள்ள புகுந்துதான் போகணும். அதான் அணைச்சாலும் மினுங்குது. பல்பு இல்லன்னா பொட்டும் இல்ல. அப்போ எந்த வெளிச்சத்துல பார்த்தீங்க தம்பி?"

"இல்ல... செல்போன் வெளிச்சம்..."

"இப்போ செல்போனா?" குர்ஷித்தின் உதடு கோணியது. "உள்ள போனது நீங்க. பல்பு இல்லாததைப் பார்த்து, அதையே இவ தலையில கட்டினீங்க. வீடு முழுக்க மாட்டிப் பீத்திக்கிட்டீங்களே, அது எப்படி எரியுதுன்னு ஒரு நாளாவது பார்த்தீங்களா? பொய்க்குக்கூடக் கொஞ்சம் உழைக்கணும். லீவு நாள்ல கீழயே வைக்காத அந்த டப்பாவைத் திறங்க."

அவன் டப்பாவை இன்னும் இறுக்கிக்கொண்டான். தூபா பிடுங்கித் திறந்தாள். இடது ஷூவின் முனையில், கசக்கிய காகிதத்துக்குப் பின்னால் ஆரம் சுருண்டு கிடந்தது.

வள்ளியம்மாள் மருமகனைப் பார்க்கவில்லை. "மனசுல வச்சுக்காத சவுரி. நாளைக்கு வந்துடு."

சவுரியம்மாள் தூபாவிடமிருந்து பல்பை வாங்கி, வள்ளியம்மாளின் கையில் வைத்தாள்.

"கழட்டினது நீங்கதான்னு உங்களுக்கு அப்பவே தெரியும். அவரு என்னைக் கழுதைன்னப்ப வாயைத் திறக்கல. இதை உங்க மருமவனையே மாட்டச் சொல்லுங்க."

கண்ணைத் துடைக்காமலே படியிறங்கினாள்.