குருசடியில் பால் வாசம்

குருசடிக்குள் தாய்ப்பால் வாசம் அடித்தது. மெழுகும் வௌவால் எச்சமும்தான் அங்கே எப்போதும் மணக்கும். மழைக்கு ஒதுங்கிய உபதேசியார் இஞ்ஞாசி, ஈரத் துண்டின் வாடையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். பாவம், அப்படி நினைக்காமல் வேறு என்ன செய்வார்.

புளியஞ்சோலையிலிருந்து வாழவந்தி நாட்டுக்கு ஏறும் பாதையில், பாதி மலையில் இருந்தது அந்தக் குருசடி, ஒற்றை அறைச் சிலுவைக் கோயில். வாந்திபேதி வந்த வருஷம், மிளகு மூட்டை சுமக்க வந்த கீழ்நாட்டுக் கிறிஸ்தவர்கள் செபஸ்தியாருக்கு நேர்ந்துகொண்டு கட்டியது. விளக்கெண்ணெயைக் குடிக்கக் கரடி நுழைகிறது என்று கதவுக்கு வெளிப்பக்கம் மட்டும் நாதாங்கி வைத்திருந்தார்கள்.

மேலே வீட்டில் அவருடைய ஒரே மகள் சூசையம்மாள் நாலு நாளாய் மலைச்சுரத்தில் கிடந்தாள். துறையூரில் வாங்கிய கொய்னா மாத்திரை மடியில் இருந்தது. இருட்டுவதற்குள் கொடுத்தாக வேண்டும். மழை கொஞ்சம் விட்டால் போதும்.

கதவு சாத்திக்கொண்டது. வெளியே நாதாங்கி விழுந்தது.

"யாருங்க அது?"

"பாவாயிங்க சாமி."

ஒன்பது நாளுக்கு முன் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு இங்கே ஓடி வந்தவள் பாவாயி. வந்தபோதே குழந்தை செத்திருந்தது. மலையில் ஓர் ஆத்துமாவைக்கூட வேதத்தில் சேர்க்கவில்லையே என்று பங்குச் சுவாமியார் இடித்துக்கொண்டிருந்த சமயம் அது. செத்த உடலுக்கு ஞானஸ்நானம் கூடாது என்று இஞ்ஞாசிக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். "இன்னும் உசிரு இருக்குது" என்று அவளிடம் சொல்லித் தண்ணீரை ஊற்றினார். அவள் புருஷனைக் கூட்டிவரப் போன நேரத்தில், குருசடியின் மூலையிலேயே புதைத்தும்விட்டார்.

"போயிருச்சுன்னுதான் நெனச்சேனுங்க. நீங்கதான் உசிரு இருக்குதுன்னீங்க. நெசந்தானுங்க சாமி. ஒம்போது நாளா புள்ள மண்ணுக்குள்ள அழுவுது. தினம் வந்து பால் பீச்சி ஊத்துறேன். நான் தோண்டினா வர மாட்டேங்குது. தண்ணி ஊத்துன கைக்குத்தான் வருமாட்ட இருக்குது."

"கதவைத் திற தாயி. மகளுக்கு மருந்து கொண்டுபோகணும்."

"எம்புள்ளய எடுத்துக் குடுத்துட்டுப் போங்க."

தோளால் இடித்தார். கதவு அசையவில்லை. இடுக்கு வழியாக மூட்டம் நுழைந்து செபஸ்தியார் சுரூபத்தை மறைத்தது; மழைச் சத்தம் ஓய்ந்தது, ஓடைச் சத்தமும் ஓய்ந்தது, அப்புறம்தான் மூலையில் மண்ணுக்கு அடியில் ஏதோ தொண்டை கட்டிய குரலில் விசும்புவது கேட்டது. மண்டியிட்டார். கையால் தோண்டினார். ஈர மண். துணி. ஒரு வாய்.

அது அவர் சுட்டுவிரலைக் கவ்வியது. சப்பியது.

கதவு திறந்தது. பாவாயி வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இழுத்தார். விரல் வரவில்லை.

"விடச் சொல்லு தாயி. இருட்டுது. மருந்து இல்லாம எம்புள்ள செத்துப்போயிரும்."

"சாவாதுங்க சாமி," என்றாள் பாவாயி ஆறுதலாக. "உசிரு இருக்குதுன்னு சொல்லிட்டே இருங்க."

குழந்தையின் கன்னம் சிவந்துகொண்டு வந்தது. அவருக்கு முழங்கை வரை சில்லிட்டது. பிறகு தோள்.