ஒப்புத்தோல்

காலையில் ஆய்வகத்தில் ஜெரோமின் முதல் வேலை, மற்றவர் தோலை ஒப்பிட்டுப் பார்க்க வளர்க்கும் ஒப்புத்தோலுக்கு ஊட்டம் மாற்றுவது. இன்குபேட்டரைத் திறந்து, வளர்தட்டிலிருந்த பழைய திரவத்தை உறிஞ்சிவிட்டுப் புதியதை ஊற்றினான். அந்தத் தோல் அவன் மனைவி கிளாராவின் முன்கையில் வெயில் சுட்ட ஒரு புள்ளியிலிருந்து எடுத்தது. கழுத்திலிருந்த இன்னொரு புள்ளி புற்றாகி அவளைக் கொண்டுபோய்விட்டது. இது மட்டும் புற்றாகாமல், புற்றின் வாசலிலேயே நின்றது.

ஓசோன் மெலிந்த பிறகு தூத்துக்குடியில் பகலில் வெளியே வேலை செய்ய அட்டை வேண்டும். வெயில் சுட்ட புள்ளியிலிருந்து துளி தோலைக் கிள்ளி வைத்தால், அதில் எந்த மரபணுக்கள் விழித்திருக்கின்றன என்று வாசிப்பான் கருவி பார்க்கும். ஒப்புத்தோலைவிட மோசமில்லை என்றால் பச்சை விளக்கு, பகல் அட்டை. மோசமென்றால் அறுவை; அதன்பின் நிலவறைக் கிடங்கில்தான் வேலை.

அன்று உப்பளத்தில் வேலை செய்யும் பேச்சியம்மாள் கையை நீட்டினாள். புள்ளியின் விளிம்பு தடித்து, நீர் கசிந்தது. வாசிப்பான் பச்சை காட்டியது.

"பாத்தியளா? நாந்தான் சொன்னேம்லா."

ஜெரோம் நம்பவில்லை. இந்த மாதம் எல்லோருக்கும் பச்சைதான். ஒப்புத்தோலையே கிள்ளி, அதன் பழைய பதிவோடு ஒப்பிட்டான். கிளாராவின் தோல் புற்றாகியிருந்தது. அதன் பக்கத்தில் வைத்தால் எந்தத் தோலும் நல்லதாகத்தான் தெரியும்.

வெளியே சொன்னால் இன்றே அழிக்க வேண்டும். சொல்லாவிட்டால் நாளையும் ஊட்டம் மாற்றலாம்.

"அட்டை தர முடியாதுக்கா. எங்க ஒப்புத்தோல் கெட்டுப்போச்சு."

"அது கெட்டா நானா பொறுப்பு? நான் இல்லாட்டி உப்புப் பாத்திய யாரு பாப்பா? யாரு தோலு அது?"

"என் வீட்டுக்காரியோடது."

"எங்க அவுக?"

"இல்ல."

அவள் கையை மடக்கிக்கொண்டாள். "பேசாம இருந்திருந்தா எனக்கு அட்டை, ஒங்களுக்கு அவுக. ஏன் தம்பி சொன்னிய?"

பேச்சியம்மாளின் புள்ளியைப் பழைய பதிவோடு ஒப்பிட்டான்; மோசம்தான். அவளை அறுவைக்குப் பதிந்தான். பச்சை வாங்கிய அத்தனை பேரையும் திரும்ப அழைக்கும்படி மேலதிகாரிக்குத் தகவல் அனுப்பினான். பிறகு தட்டில் பிளீச்சை ஊற்றினான். இளஞ்சிவப்புத் திரவம் வெளுத்தது. தட்டைக் குப்பைப் பையில் போட்டுக் கட்டினான்.

பேச்சியம்மாள் இன்னும் போகவில்லை.

"பேரு என்ன?"

"ஜெரோம்."

"ஒங்க பேர யாரு கேட்டா?"

ஆய்வகப் பதிவில் அவன் மனைவியின் தோலுக்கு ஓர் எண்தான் இருந்தது. அவனும் அதையே சொல்லிப் பழகியிருந்தான்.

"கிளாரா," என்றான்.

"கேக்கல. சத்தமாச் சொல்லுங்க."

மறுபடியும் சொன்னான்.