ஏழாவது பட்டன்

வெள்ளைப் பஞ்சுக் குவியலின் நடுவில் ஒரு நீலப் பட்டன் கிடந்தது.

வேறு யாராவது பார்த்திருந்தால் காலால் ஒதுக்கிவிட்டுப் போயிருப்பார்கள். சூப்பர்வைசர் நின்றுவிட்டார். அன்று காலையிலிருந்து மெஷினில் ஓடியது முழுக்க ஓட்டல் படுக்கை விரிப்பு. விரிப்புக்கு ஏது பட்டன்?

ஓட்டல், வங்கி, ஆஸ்பத்திரி, காவல் கம்பெனி என்று ஊரில் உள்ள நிறுவனங்கள் தங்கள் பழைய துணிகளையும் சீருடைகளையும் அந்தக் கூடத்துக்குத்தான் அனுப்பிவைத்தன. காவலாளியின் சட்டை திருடன் கையில் சிக்கினால் என்ன ஆகும்? அதனால் நூல் நூலாகக் கிழித்து, பஞ்சாக்கி, மெத்தைக்கும் கார் இருக்கைக்கும் அனுப்பிவிட்டு, 'முற்றிலும் அழிக்கப்பட்டது' என்று சான்றிதழ் கொடுக்க வேண்டும். அதில் கையெழுத்துப் போடுகிறவர் சூப்பர்வைசர். மெஷினுக்கு ஒரே ஒரு விதி: கெட்டியானது எதுவும் உள்ளே போகக்கூடாது. பட்டன், ஜிப், கொக்கி, பெயர் வில்லை எல்லாவற்றையும் முதலில் மேஜையில் போட்டு வெட்டி எடுத்துவிட வேண்டும். ஒன்று தப்பினாலும் மெஷினின் பல் உடையலாம். பொறி பறந்தால் கூடமே பற்றிக்கொள்ளும்.

குனிந்து எடுத்தார். நான்கு துளைப் பட்டன். துளைகளில் சிவப்பு நூல், பெருக்கல் குறி போட்டதுபோல, இறுக்கமாக. அந்த நூலை நகத்தால் நெம்பிப் பார்த்தார். அசையவில்லை.

அப்படித் தைக்கிறவள் அந்தக் கூடத்தில் ஒருத்திதான் இருந்தாள். வெட்டும் மேஜையில் பதினோரு வருஷம் உட்கார்ந்திருந்த பட்டன் அக்கா. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பாள். ஒரு பட்டன்கூட அவளைத் தாண்டி மெஷினுக்குப் போனதில்லை. கத்தரிக்கோல் 'சரக்' என்னும். பட்டன் பிஸ்கட் டப்பாவில் 'டங்' என்று விழும். சரக், டங். சரக், டங். நாள் முழுக்க அதுதான் பாட்டு. கம்பெனி கொடுத்த நீலக் கோட்டில் பட்டன்கள் ஒரு வாரத்தில் உதிர்ந்துவிடும் என்று தன் கோட்டின் ஏழு பட்டன்களையும் சிவப்பு நூலால் அவளே திரும்பத் தைத்துக்கொண்டாள். "நான் தச்ச பட்டன் கழண்டுச்சுன்னா என் பேர மாத்திக்கறேன் சார்" என்பாள். பேரைச் சொல்லி யார் கூப்பிட்டார்கள், மாற்றிக்கொள்வதற்கு?

அவள் செத்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

சூப்பர்வைசர் பட்டனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவள் சாவைப் பற்றிய மறு விசாரணைக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது.

மறுநாள் காலை குளித்துவிட்டுத் துடைக்கும்போது தொப்புளுக்கு மேலே ஏதோ உறுத்தியது. கண்ணாடியில் பார்த்தார். வட்டமாக ஒரு சிவந்த தடம். நடுவில் நான்கு புள்ளிகள். தேய்த்தார், போகவில்லை. வெளியே படுக்கையைத் தட்டிக்கொண்டிருந்த மனைவி குரல் கொடுத்தாள்.

"என்னங்க, மெத்தையில என்னமோ குத்துது. ராத்திரியெல்லாம் நீங்க பொரண்டுட்டே இருந்தீங்க."

அந்த மெத்தையும் அவர்கள் கூடத்துப் பஞ்சு நிரப்பியதுதான். தையலைப் பிரித்துக் கையை விட்டார். பழைய வியர்வை, சோப்புத்தூள், மெஷின் எண்ணெய் மூன்றும் கலந்த, கூடத்துக்கே உரிய அந்த வாடை வீட்டுக்குள் பரவியது. விரலில் பட்டது இரண்டாவது பட்டன். கூடவே ஒரு பிடி நீலப் பஞ்சும் ஒட்டிக்கொண்டு வந்தது. உதறினார். அது உள்ளங்கையை விட்டுப் போக மனமில்லாததுபோல் ஒட்டிக்கொண்டிருந்தது.

"என்னது அது?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல. பழைய பட்டன்."

மூன்றாவது, மதியச் சாப்பாட்டின்போது தண்ணீர் பாட்டிலின் அடியில் கிடந்தது. பாதி குடித்த பிறகுதான் பார்த்தார். நான்காவது ஷூவுக்குள். ஒவ்வொன்றுக்கும் மறுநாள் விடிந்தால் உடம்பில் ஒரு தடம். ஒன்றுக்கு மேல் ஒன்று, நான்கு விரல் இடைவெளி விட்டு, அளந்து வைத்ததுபோல் நேர்கோட்டில் ஏறிக்கொண்டே வந்தது. அவர் சட்டை போடுகிறாரோ இல்லையோ, யாரோ அவருக்குக் கீழிருந்து ஒரு நீலக் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

பட்டன்கள் எங்கிருந்து வருகின்றன என்று அவரைத் தவிர வேறு யாருக்கும் தெரிந்திருக்க முடியாது.

எட்டு மாதத்துக்கு முன்பு ஒரு வங்கியின் சீருடைகளை மாலைக்குள் முடித்துச் சான்றிதழ் தர வேண்டியிருந்தது. மெஷினின் மூடியைத் திறந்தால் தானாக நின்றுவிடும்; அதற்கு ஒரு சுவிட்ச் உண்டு. துணி சிக்கச் சிக்க மூடியைத் திறந்து, நிறுத்தி, மறுபடி ஓட்டி என்று நேரம் போய்க்கொண்டிருந்தது. சூப்பர்வைசர் ஒரு கம்பியை எடுத்துச் சுவிட்சைச் சுற்றிக் கட்டினார். மூடி திறந்தபடியே மெஷின் ஓடியது. "அக்கா, அந்தச் சிக்க மட்டும் இழுத்து விடு" என்றார். அவள் தயங்கினாள். "சீக்கிரம்" என்றார்.

கோட்டின் கைமுனையைத்தான் மெஷின் முதலில் பிடித்தது. "நிறுத்துங்க சார்!" என்று அவள் கத்தியது தெருவரைக்கும் கேட்டிருக்கும். நிறுத்தும் சிவப்புப் பொத்தான் மூன்றே எட்டு தூரம். சூப்பர்வைசருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்று பின்னால் எல்லோரும் பரிதாபமாகச் சொன்னார்கள். அது பொய். அவர் கண் சுவிட்சில் கட்டிய கம்பியின் மேல் இருந்தது. இதை யாராவது பார்த்துவிட்டால் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டு நின்றார். வேறொருவர் ஓடிவந்து பொத்தானை அமுக்கினார். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்வதற்கு முன்பு சூப்பர்வைசர் செய்த காரியம், கம்பியை அவிழ்த்ததுதான்.

அன்றே அவள் இறந்துபோனாள். ஆம்புலன்ஸ்காரர்கள் வெட்டிக் கழற்றிப் போட்ட கோட்டு தரையில் கிடந்தது. கழுத்துவரை ஏழு பட்டனும் போட்டபடி. எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த நேரம். அவர் அதைச் சுருட்டி மெஷினில் போட்டார். அவசரத்தில் பட்டனை வெட்டவில்லை. கூடத்தில் நேற்றுச் சேர்ந்தவன்கூடச் செய்யாத தப்பு. கடகடவென்று ஏழு முறை சத்தம் கேட்டது. பிறகு உட்கார்ந்து நிதானமாக எழுதினார்: கோட்டு போடாமல் தொளதொளவென்று சால்வை சுற்றிக்கொண்டு வந்தாள், சொல்லச் சொல்லக் கேட்காமல் தானே சுவிட்சை அமுக்கிப் பிடித்துக்கொண்டு மூடியைத் திறந்தாள். கோட்டைப் பார்த்தவர்கள் வேலைக்குப் பயந்து வாயைத் திறக்கவில்லை.

ஒரு மனுஷியின் சாவையும் அவள் தலையிலேயே கட்டிவிட்ட எழுத்து அது.

ஐந்தாவது பட்டன் கிடைத்த அன்று பட்டன் அக்காவின் தங்கை அவர் மேஜைக்கு வந்தாள். அக்கா உட்கார்ந்த இடத்தில் இப்போது அவள்தான் வேலை பார்த்தாள். மறு விசாரணை வேண்டும் என்று படியேறி இறங்கி மனுக் கொடுத்தவளும் அவள்தான்.

"சார், நான் வேற ஒண்ணும் கேக்கல. எங்கக்கா கோட்டு போடாம ஒரு நாளாவது இந்தக் கூடத்துக்குள்ள வந்திருக்காளா? அத மட்டும் அதிகாரிகிட்ட சொல்லிடுங்க."

சூப்பர்வைசர் காகிதத்தைப் புரட்டினார்.

"அவ திமிர் பிடிச்சு செத்தான்னு எங்கம்மாகிட்டயே ஊர்ல சொல்றாங்க சார்."

"பாக்கலாம் போ" என்றார். அவள் போனாள். கூடத்தில் அவள் வெட்டும் மேஜையிலிருந்து சத்தம் வந்தது. சரக், டங். அவர் நிமிர்ந்து பார்த்தபோது தங்கை இன்னும் அறை வாசலைத் தாண்டியிருக்கவில்லை. மேஜையில் யாரும் இல்லை.

ஆறாவது பட்டன் அவர் வாய்க்குள் இருந்தது. காலையில் பல் தேய்க்கும்போது துப்பினார். மறுநாள் விடிந்தபோது தடம் காறை எலும்புக்குக் கீழே வந்துவிட்டது. கழுத்துக்கு இன்னும் நான்கு விரல்.

ஏழாம் நாள் பிற்பகல் விசாரணை அதிகாரி வந்தார். மழை வானத்தை இறக்கி வைத்திருந்தது. அலுவலக அறையில் விளக்குப் போட வேண்டியிருந்தது. மெஷினை நிறுத்தி, ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எதிர் நாற்காலியில் தங்கை. சூப்பர்வைசர் ஆறு பட்டன்களையும் கால்சட்டைப் பையில் வைத்திருந்தார். தொடையில் சூடாக உறுத்தின. சொல்லிவிடலாமா என்று ஒரு கணம், உண்மையாகவே ஒரு கணம், அவர் வாய் வரைக்கும் வார்த்தை வந்தது.

"அந்தம்மா அன்னிக்குக் கோட்டு போட்டிருந்தாங்களா?" என்று அதிகாரி கேட்டார்.

"இல்ல சார். சால்வைதான்" என்றார்.

கையெழுத்துப் போட்டார். தங்கை எழுந்தாள். அழவில்லை. அவரை ஒரு முறை பார்த்தாள், அவ்வளவுதான். அதிகாரியின் வண்டி கிளம்பியது. வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

இனி பயப்பட ஒன்றும் இல்லை, இந்த ஆறு பட்டன்களைத் தவிர. நூலை வெட்டி எறிந்துவிட்டு, ஆயிரம் பட்டன்களோடு கலந்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? கூடத்துக்குள் போனார். ஈ காக்கை இல்லை. தகரக் கூரையில் மழை இரைந்துகொண்டிருந்தது. ஆள் உயரப் பஞ்சுக் குவியல்கள் மங்கிய வெளிச்சத்தில் மூச்சு விடாமல் படுத்திருந்தன. எப்போதும் இருக்கும் எண்ணெய் வாடைக்கு மேல், துவைத்து உலர்த்திய புதுச் சோப்பின் வாசனை வந்தது. மேஜையில் கத்தரிக்கோல் இல்லை. டப்பா மட்டும் காலியாக இருந்தது. நாளைக்கு விழும் பட்டன்களோடு கலந்துவிடட்டும் என்று, பையிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாகப் போட்டார். டங். டங். டங். டங். டங். டங்.

டங்.

டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தார். ஏழு.

கழுத்துக் குழியில் சுருக்கென்றது. ஊசி. கையைக் கொண்டுபோனார். கை பாதி வழியில் நின்றது. கைமுட்டி வரைக்கும் நீலப் பஞ்சு. அது தரையிலிருந்து ஏறிக்கொண்டிருந்தது. இழை இழையோடு பின்னி, கையாகி, தோளாகி, அவர் மேல் கச்சிதமாகப் படிந்தது. கழுத்துவரை. டப்பாவைப் பார்த்தார். இப்போது காலி. ஏழும் அவர் நெஞ்சில் இருந்தன, சிவப்பு நூலில்.

பிய்த்தார். இழுத்தார். ஒன்றும் கழலவில்லை. அவள் தைத்தது எப்போது கழன்றிருக்கிறது?

கோட்டின் கை அவரை இழுத்தது. ஒரு எட்டு. இன்னொரு எட்டு. மெஷின் மூடி திறந்திருந்தது. சுவிட்சைச் சுற்றி ஒரு கம்பி. அவர் கட்டும் அதே முடிச்சு. பச்சை விளக்கு எரிந்தது. பற்கள் மெதுவாகச் சுழல ஆரம்பித்தன. சிவப்புப் பொத்தான் மூன்று எட்டு தூரத்தில்.

பின்னால் சத்தம்.

சரக்.

கழுத்தருகே குளிர்ந்த இரும்பு. ஏழாவது பட்டன் அறுந்தது. டங். ஆறாவது. சரக், டங். விட்டுவிடுகிறாள், கழற்றிவிடுகிறாள் என்று அவருக்கு அழுகையே வந்துவிட்டது. "அக்கா… அக்கா, தப்புதான்…" ஐந்து. நான்கு. மூன்று. இரண்டு. ஒன்று. ஏழும் போய்விட்டன. கோட்டு திறக்கவில்லை. தோலோடு ஒட்டியிருந்தது.

அப்புறம் அவர் கைக்கடிகாரம். டங். மோதிரம், விரலோடு சேர்த்து ஒரு நெரிப்பு. டங். பெல்ட்டின் கொக்கி. மூக்குக் கண்ணாடி. கூடம் மங்கியது. அவளுக்கு அவசரமே இல்லை. பதினோரு வருஷம் செய்த வேலை. முறையாக. ஒன்றுவிடாமல்.

அப்போதுதான் அவருக்கு அந்த விதி ஞாபகம் வந்தது. கெட்டியானது எதுவும் உள்ளே போகக்கூடாது.

இல்லை. இல்லை. சொல்லிவிடுகிறேன். இப்போதே சொல்லிவிடுகிறேன். போட்டிருந்தாள், கோட்டு போட்டிருந்தாள், கழுத்துவரை ஏழு பட்டனும் போட்டிருந்தாள். கத்துவதற்காக வாயைப் பெரிதாகத் திறந்தார்.

கத்தரிக்கோலின் முனை அவர் முன்பல்லைத் தொட்டது. கீழே, தாடைக்கு நேராக, யாரோ டப்பாவைப் பொறுமையாகத் தூக்கிப் பிடித்தார்கள்.