மீராசாவின் பிள்ளைகள்

டொக்டர் காலிதீனின் பங்களாவுக்கு நான் தாதியாக வேலைக்குப் போனது எழுபத்தெட்டாம் ஆண்டு தை மாதம். கல்முனைக்குடியில் கடலைப் பார்த்து நின்ற பழைய வீடு அது. வெள்ளைக்காரன் காலத்து அதிகாரி ஒருவர் கட்டியது. ஜன்னல் கம்பிகளை உப்பு பாதி தின்றிருந்தது. கதவைத் திறந்தால் டெட்டோல் மணமும் கடல் பாசி மணமும் கலந்து வரும்.

டொக்டர் லண்டனில் படித்துவிட்டு வந்தவர். பிள்ளையில்லாதவர்களுக்கு மட்டும்தான் வைத்தியம். சம்மாந்துறை, மருதமுனை, அக்கரைப்பற்றிலிருந்தெல்லாம் முக்காட்டை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டு பெண்கள் வந்தார்கள். கணவன்மார் பின்னால் வந்து, தமக்கு ஒரு குறையுமில்லை என்பதுபோல விறாந்தையில் நின்று கடலைப் பார்ப்பார்கள்.

வீட்டின் நடுவில் ஜன்னல் இல்லாத ஓர் அறை இருந்தது. அதற்குள் பால் கேன் மாதிரி, இடுப்பளவு உயரத்தில் ஒரு தாங்கி. மூடியைத் திறந்தால் வெள்ளைப் புகை தரையில் ஊரும். உள்ளே திரவ நைதரசன். அதில் ஆண்களின் விந்தை மெல்லிய குழல்களில் அடைத்து உறைய வைத்திருந்தார் டொக்டர். தாங்கியைப் பார்த்துக்கொண்டவர் தம்பிலுவில் புண்ணியமூர்த்தி அண்ணன். முன்பு மிருக வைத்தியப் பகுதியில் பசுக்களுக்குச் சினை ஊசி போட்டுத் திரிந்தவர்.

அந்த வருடம் சாய்ந்தமருதிலிருந்து மீராசா என்ற மீனவரும் மனைவி ஹாஜறாவும் வந்தார்கள். கல்யாணமாகி ஐந்து வருடம். மீராசாவைச் சோதித்துப் பார்த்ததில் எந்தக் குறையுமில்லை. ஹாஜறாவின் கருக்குழாய்கள் இரண்டும் அடைபட்டிருந்தன. ஒரு நாளும் திறக்காது. இது டொக்டருக்கும் எனக்கும் தெரியும். அவர்களுக்குச் சொல்லவில்லை. "இன்னும் ஒருக்கா வாங்க" என்று சொல்லி மூன்று தடவை மீராசாவை வரவழைத்து அவருடைய விந்தை எடுத்து வைத்தார் டொக்டர்.

கடைசியாக வந்த அன்று மீராசா அறை வாசலில் நின்று தாங்கியைக் காட்டி என்னிடம் கேட்டார்.

"மிசி, என்ட புள்ள இதுக்குள்ளயா இரிக்கி?"

நான் ஓம் என்றேன். அவர் சிரித்தார். வெற்றிலைச் சாறு படிந்த பல்லோடு, குழந்தை மாதிரிச் சிரித்தார்.

கார்த்திகையில் சூறாவளி வந்தது. தோணியை இழுத்து ஏற்றப்போன மீராசா திரும்பவில்லை. அடக்கம் செய்ய மையித்தும் கிடைக்கவில்லை. எங்கள் பங்களாவின் கூரை பறந்தபோது டொக்டர் முதலில் தூக்கிக்கொண்டு ஓடியது அந்தத் தாங்கியைத்தான்.

அடுத்த தை மாதம் சம்மாந்துறை அரிசி ஆலைக்காரர் ஜவுபரின் மனைவி சபூறாவுக்குச் சிகிச்சை நடந்தது. பன்னிரண்டு வருடம் பிள்ளையில்லை. ஜவுபரின் விந்தில் உயிரணு ஒன்றுகூட இல்லை. டொக்டர் அவரிடம், "கொஞ்சம் பலவீனம், மெசினில சுத்தப்படுத்தித் தாறன்" என்று சொன்னார். பிறகு தாங்கியிலிருந்து குழலை எடுத்தார். அதிலிருந்த நம்பரை நான் பார்த்தேன். என் கையால் எழுதிய நம்பர். மீராசாவுடையது.

சபூறா போன பிறகு கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன்.

"டொக்டர், இது ஹராமில்லையா? புள்ளைக்கு வாப்பா ஆரு?"

"வளக்கிறவன் வாப்பா. இந்தப் புள்ள இல்லாட்டி சபூறாவைத் தள்ளி வெச்சிட்டு வேற பொண்டு முடிச்சிருப்பாரு. அது நல்லமா உங்களுக்கு?"

"அவட்டச் சொல்லிச் செஞ்சிருக்கலாமே."

"சொன்னா ஒருத்தியும் இஞ்ச வரமாட்டா."

"மீராசாட்டக் கேட்டயளா?"

"மௌத்தானவன்ட என்னத்தக் கேக்குற, உம்மு? கடலுக்க போன மனிசனுக்கு இதால என்ன நட்டம்?"

உயிரோடு இருந்தபோது கேட்டிருக்கலாமே என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. ஒன்பது மாதம் கழித்துச் சபூறா மகளைப் பெற்று, ஜெமீலா என்று பேர் வைத்து, என் கையைப் பிடித்து முத்தமிட்டு அழுதாள். அந்த அழுகையைப் பார்த்த பிறகு எனக்கு வாய் எழவில்லை. அடுத்த நான்கு வருடங்களில் இன்னும் நான்கு பெண்கள். எல்லாம் அதே நம்பர்.

எண்பத்து நான்கு பங்குனியில் ஒரு நாள், நண்பகல் லுஹர் பாங்கு சொல்லி முடிந்த நேரம். வெளியே மணல் கொதித்தது. நோயாளிகள் யாரும் இல்லை. விறாந்தை வாங்கில் ஒரு மனிதர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். சாரனிலிருந்து தண்ணீர் சொட்டியது. தோணியால் இறங்கி நேரே வந்தவர் என்று நினைத்துப் பேர் எழுதும் கொப்பியை எடுத்தேன்.

"பேரென்ன?"



என் விரல்கள் விறைத்தன. வாயிலிருந்து வெள்ளையாய் ஆவி வந்தது. கல்முனையில், பங்குனி உச்சி வெயிலில்.

அவர் திரும்பாமலே கதைத்தார். தொண்டைக்குள் தண்ணீர் நிற்பது போன்ற குரல்.

"என்ட பேர் வேணாம். என்ட புள்ளையள்ற பேரை எழுதித் தாங்க, மிசி."

கொப்பி விழுந்தது. குனிந்து எடுத்து நிமிர்ந்தபோது வாங்கு வெறுமையாக இருந்தது. பலகையில் கடல் தண்ணீர் தேங்கி நின்றது. பாசியும் கிடந்தது.

அறைக்குள்ளிருந்து புண்ணியமூர்த்தி அண்ணன் கூப்பிட்டார். தாங்கிக்குப் பின்னால் சுவரைக் காட்டினார். சுவரில் உறைபனி படிந்திருந்தது. மனிதக் கை ஒன்றின் அச்சு. பிறகு இன்னொன்று. தாங்கியிலிருந்து கதவு வரைக்கும், தடவித் தடவி வழி தேடியது மாதிரி.

"தங்கச்சி, மாட்டுப் பட்டியிலயும் இருந்திருக்கன், மனிசரோடயும் இருந்திருக்கன்," என்றார். "இப்பிடி ஒண்டக் காணேல்ல. நான் இனி வரமாட்டன்." சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் எடுக்கப் போனவர் திரும்பி வரவேயில்லை.

டொக்டர் சிரித்தார். மறுநாள் ஆறாவது பெண்ணுக்கு நாள் குறித்திருந்தது. அவரே கையுறை போட்டு மூடியைத் திறந்து இடுக்கியை உள்ளே விட்டார். புகை எழுந்தது.

அவர் அலறினார்.

நான் ஓடிப்போய் இழுத்தேன். கை வரவில்லை. உள்ளே யாரோ எதிர்ப்பக்கம் இழுத்தார்கள். என் இரண்டு கைகளிலும் அந்த இழுப்புத் தெரிந்தது. திடீரென்று விட்டது. இருவரும் விழுந்தோம்.

நைதரசன் பட்டால் தோல் வெந்துபோகும், அது எனக்குத் தெரியும். ஆனால் டொக்டரின் மணிக்கட்டைச் சுற்றி வெந்திருந்தது ஐந்து விரல்களின் அச்சு. அடுத்த கிழமை கொழும்பு ஆஸ்பத்திரியில் அந்தக் கையை மணிக்கட்டோடு எடுத்தார்கள். அவர் கொழும்பிலிருந்தே வெளிநாட்டுக்குப் போய்விட்டார். எனக்கு ஒரு வார்த்தை எழுதவில்லை.

பங்களாவைப் பூட்ட நான் போன அன்று, பின்னேரம் அஸர் தொழுகை நேரம், ஜவுபரின் கார் வந்து நின்றது. சபூறா, ஜெமீலா, அவர் மூவரும் இறங்கினார்கள். பிள்ளையை விறாந்தையில் விட்டுவிட்டு ஜவுபரும் சபூறாவும் உள்ளே வந்தார்கள்.

"மிசி, நேராக் கேக்கன். ஜெமீலா ஒரு மாசமா என்னை வாப்பாண்டு கூப்பிடுறாளில்ல. 'என்ட வாப்பா கடலுக்க இரிக்காரு, ஒவ்வொரு நாளும் வாறாரு' எண்டு சொல்றா. அடிச்சும் பார்த்திட்டன். என்ன செஞ்சயள் எங்களுக்கு?"

நான் சபூறாவைப் பார்த்தேன். அவள் தலை குனிந்து நின்றாள். இனியும் மறைத்தால் அந்தக் குளிர் என்னைத் தேடி வரும் என்று பயந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்குப் பிள்ளை பெறும் சக்தி இல்லை என்பதையும், மீராசாவின் பெயரையும்.

ஜவுபர் கையை ஓங்கினார். அடிக்கவில்லை. ஓங்கிய கை அப்படியே நின்றது.

"புள்ள எங்க?" என்றாள் சபூறா.

விறாந்தையில் யாருமில்லை.

ஓடினோம். வீட்டின் நிழல் மணலில் நீண்டு கடல் வரைக்கும் கிடந்தது. ஜெமீலா தண்ணீருக்குள் நின்றாள். இடுப்பு வரைக்கும் தண்ணீர். அலை அடித்தது, பிள்ளை அசையவில்லை. வலது கை மேலே தூக்கியிருந்தது, பெரிய ஆள் ஒருவர் கையைப் பிடித்திருப்பது போல.

பக்கத்தில் யாரும் இல்லை.

ஓர் அடி எடுத்து வைத்தாள். தண்ணீர் நெஞ்சுக்கு வந்தது.

"மீராசா!" என்று கத்தினேன். "நாங்க கேக்காம எடுத்தம். குத்தம் எங்கட. சொல்லிட்டன், எல்லாம் சொல்லிட்டன். புள்ளைய விடுங்க!"

தூக்கியிருந்த கை தொப்பென்று விழுந்தது. அலை பிள்ளையைப் புரட்டியது. ஜவுபர் பாய்ந்து அள்ளிக்கொண்டு கரைக்கு வந்தார். அவள் அவர் முகத்தைக் கீறினாள்.

"என்னை விடு. நீ ஆரு?"

ஜவுபரின் கன்னத்தில் இரத்தம். கண்ணில் நீர். பிள்ளையை இன்னும் இறுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இவ என்ட மகள். நீ இண்டைக்குச் சொன்னத ஊர்ல ஆருக்கும் சொன்னா, அல்லாவுக்குப் பொதுவா, உன்னச் சும்மா விடமாட்டன்." பிறகு மனைவியிடம், "கார்ல ஏறு," என்றார்.

மறுநாள் கூலியாட்கள் இருவரை வைத்துத் தாங்கியைத் தூரத்து வயல் வரம்பில் கவிழ்த்தேன். மிச்சக் குழல்களில் இருந்தது வெயிலில் உருகி மண்ணுக்குள் போனது. குழி தோண்டி வெறும் தாங்கியையும் புதைத்தோம். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். ஒரு வருடம் ஒன்றும் நடக்கவில்லை. ஜெமீலா பள்ளிக்கூடம் போகிறாள், வாப்பா என்று கூப்பிடுகிறாள் என்று கேள்விப்பட்டேன்.

போன சித்திரையில், ஒரு பகல், சபூறா தனியாக என் வீட்டுக்கு வந்தாள். மெலிந்திருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. அந்த வெயிலில் போர்வை போர்த்தியிருந்தாள். விலக்கிக் காட்டினாள்.

ஐந்து மாத வயிறு.

"மிசி, நான் ஒரு தப்பும் செய்யல்ல. குர்ஆனில கை வெச்சுச் சத்தியம் செஞ்சிட்டன். இவர் நம்புறாரில்ல. உங்கட வாயாலதானே கேட்டாரு, இவருக்குப் புள்ள வராதெண்டு."

"சபூறா..."

"படுத்திருக்கக்குள்ள அறை குளிருது, மிசி. முழிச்சுப் பார்த்தா ஒருத்தரும் இல்ல. பாய் நனைஞ்சு கிடக்கு."

எனக்குத் தெரிந்த வேலை வயிறு பார்ப்பது ஒன்றுதான். என்னை அறியாமல் கையை அவள் வயிற்றில் வைத்தேன். மறு நொடியே எடுத்துவிட்டேன். உள்ளங்கைத் தோல் உரிந்து எரிந்தது.

அவளிடம் என்ன சொல்வது? டொக்டர் அவளைக் கேட்காமல் செய்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். இப்போது செய்கிறவரும் கேட்கவில்லை.

"அந்த மீராசாக்குக் கோவமா, மிசி?" என்றாள் சபூறா, மிக மெல்ல. "எங்களோட என்ன கோவம்?"

நான் வாய் திறக்கும் முன் வாசலில் கார் நிற்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். மருதமுனைப் பெண் இறங்கினாள், இரண்டாவதாகச் சிகிச்சை பெற்றவள். பின்னால் அக்கரைப்பற்றுக்காரி. பிறகு அதே நம்பரில் பிள்ளை பெற்ற மற்ற இருவரும்.

நால்வரும் கம்பளி போர்த்தியிருந்தார்கள்.