குதித்தவள் பெயர்

வாடகை சைக்கிளின் பின்னால் ஒரு பூசணிக்காயைக் கட்டிக்கொண்டு, சித்திரை வெயிலில் திண்டிவனத்திலிருந்து திருவக்கரைக்கு வந்து சேர்ந்தார் சீனுவாசன். தாலுகா ஆபீசில் அவர் வெறும் குமாஸ்தா. ஆனால் 'கல்மர மோகினி' ரசிகர் மன்றத்துக்கு ஸ்தாபகர், தலைவர், செயலாளர் எல்லாம் அவரே. மன்றத்தில் மொத்தம் நாலு பேர் என்பதால் பதவிகளுக்குத் தட்டுப்பாடில்லை.

படம் வந்தது 1953-ல். டூரிங் கொட்டகை மணலில் உட்கார்ந்து அதை நாற்பத்தொரு தடவை பார்த்தவர். எந்தக் காட்சியில் எந்தத் தூண் அட்டை என்றுகூடச் சொல்வார். பத்தாம் ஆண்டு மலர் போடுவதற்காகப் படம் பிடித்த இடத்தை நேரில் பார்க்க வந்திருந்தார். பூசணிக்காய்க்கும் காரணம் உண்டு. கடைசி நாள் திருஷ்டி சுற்றிப் பூசணிக்காய் உடைத்தால்தான் சினிமாக்காரர்களுக்குப் படப்பிடிப்பு முடிந்த மாதிரி. இங்கே உடைக்காமலே கம்பெனி லாரி ஏறிவிட்டது என்று கேள்வி. அந்தக் குறையைத் தன் திருக்கரத்தால் நிவர்த்தி செய்வதாக உத்தேசம்.

கல்லாகிப்போன மரங்கள் செம்மண்ணில் புரண்டு கிடந்தன. உச்சிவேளை நெருங்கியதாலோ என்னவோ, ஒரு காக்கைகூட இல்லை. பக்கத்துக் கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்த கெங்கம்மாள் மட்டும் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏம்மா, படத்துல மோகினி குதிச்ச மேடு எது?"

"அதோ. குதிச்சது யாருன்னு தெரியுமா சார்?"

சீனுவாசன் சிரித்தார். "கேள்வியைப் பாரு. கதாநாயகியேதான். நாங்க போடுற மலர் புஸ்தகத்துக்காக எனக்குக் கைப்பட லெட்டர் போட்டிருக்காங்க."

"லெட்டர் போட்டவங்க குடைக்கடியில குந்திக்கினு இளநி குடிச்சாங்க. குதிச்சது எங்கக்கா கோவிந்தம்மா. மொத தபா வெளிச்சம் சரியில்லன்னாங்க. ரெண்டாந் தபா முந்தானை பறக்கலன்னாங்க. மூணாந் தபா குதிச்சவ எந்திரிக்கல. தோ, இந்தக் கல்லு மேல தல மோதி கழுத்து ஒடிஞ்சிபூட்டுது. ஜல்தி ஜல்தின்னு லாரிய எடுத்துக்கினு பூட்டாங்க."

சீனுவாசன் பூசணிக்காயை அவிழ்த்தார்.

"வேலை முடிஞ்சுதுன்னு அவளுக்கு யாரும் சொல்லல சார். உச்சிக்கு உச்சி இன்னும் குதிச்சிக்கினுதான் இருக்கா."

"அப்ப நல்லதாப் போச்சு. நான் இதை உடைச்சா நிம்மதியாப் போயிடுவா."

கெங்கம்மாள் பிடுங்கிய செடியை வீசிவிட்டு வந்து குறுக்கே நின்றாள். "ஊரே ஒடைக்க வந்திச்சி. கண்டாச்சிபுரத்துலேர்ந்து மந்திரவாதிகூட வந்தான். ஒருத்தரையும் வுடல நானு. மொதல்ல ஒங்க பொஸ்தகத்துல அவ பேரப் போடுங்க. பேரில்லாம அவள அனுப்பிவுட நீங்க யாரு?"

"ஆதாரமில்லாம மலர்ல எதையும் போட முடியாதும்மா. மன்றத்துக்குன்னு ஒரு கௌரவம் இருக்கு."

"எங்கக்கா கழுத்தவிட ஒசத்தியா ஒங்க கௌரவம்?"

அவளைச் சுற்றிக்கொண்டு போய்ப் பூசணிக்காயின் மேல் சூடம் வைத்து ஏற்றினார். காற்றே இல்லை. ஆனாலும் சூடம் அணைந்தது.

திடீரென்று முகப்பவுடர் வாசனை. அதோடு, நெடுநேரம் எரிந்த பெரிய படப்பிடிப்பு விளக்கின் தகரம் காய்கிற நெடி.

தொப்.

திரும்பிப் பார்த்தார். மேட்டில் யாருமில்லை. கல்மரத்தின் மேல் மட்டும் செம்புழுதி எழும்பி அடங்கியது.

தொப்.

இந்தத் தடவை இன்னும் பக்கத்தில்.

கெங்கம்மாள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். சீனுவாசன் கண்ணை மூடிக்கொண்டு பூசணிக்காயைக் கல்லில் ஓங்கி அடித்தார். அது உடையவில்லை. மனித உடம்பு விழுகிற மாதிரி விழுந்தது. கல்லுக்கடியிலிருந்து ஒரு பெண் குரல், ரொம்பப் பணிவாகக் கேட்டது:

"சரியா வந்திச்சா சார்? இல்ல, இன்னொரு தபா குதிக்கட்டுங்களா?"

ஸ்தாபகர், தலைவர், செயலாளர் மூவரும் ஒரே வேட்டியில் நடுங்கினார்கள். நோட்டுப் புத்தகம் வெளியே வந்தது. பென்சில் இரண்டு தடவை கீழே விழுந்தது.

"எழு... எழுதிட்டேம்மா."

"எழுதினா போதுமா? எங்க ரெண்டு பேருக்கும் படிக்கத் தெரியாது. வாய்வுட்டுப் படிங்க" என்றாள் கெங்கம்மாள்.

"கோவிந்தம்மாள்."

"மேட்டுக்குக் கேக்குறாப்பல!"

"குதித்தது கோவிந்தம்மாள்! கோவிந்தம்மாள்!"

"வந்தேன் சார்" என்றது குரல். காலையில் ஆள் கணக்கெடுக்கும்போது துணை நடிகைகள் சொல்கிற அதே தொனி. யாரும் தொடாமலே பூசணிக்காய் இரண்டாகப் பிளந்தது.

கெங்கம்மாள் அழவில்லை. தலையை நிமிர்த்திக்கொண்டு மேட்டைப் பார்த்தாள். "போய் வா அக்கா. போட்டுட்டாங்க."

சீனுவாசன் நோட்டை மூடினார். சைக்கிளை எடுத்தார். அப்போது அடுத்த கல்மரத்துக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். ஆண் குரல்.

"நம்ம பேரையும் போட்டுக்கங்க சார். அந்தோணிசாமி. குதிரையிலேர்ந்து வுழுந்தவன்."

கெங்கம்மாளின் முகம் முதல் தடவையாக வெளுத்தது. "இது யாரு? அன்னிக்கி செத்தது எங்கக்கா ஒருத்திதானே!"

ஒரு கணம்தான். பிறகு சைக்கிளின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டாள். "யாரா இருந்தா இன்னா? பெத்தவங்க வெச்ச பேருதானே. குந்துங்க சார், எழுதுங்க."

சீனுவாசன் புழுதியில் உட்கார்ந்து எழுதினார். எழுதும்போதுதான் அவருக்கு உறைத்தது. கல்மர மோகினியில் குதிரையே கிடையாது; இவன் விழுந்தது வேறு ஏதோ படத்தில்.

மேட்டுக்கு அந்தப் பக்கம், வரிசையில் நிற்கிறவர்களைப் போல, ஒவ்வொருவராகத் தொண்டையைச் செருமிக்கொண்டார்கள்.