திரையில் இல்லாத கோலம்

வாசலில் கோலம் இருந்தது. திரையில் இல்லை.

வேல்விழி முதலில் கைப்பேசியின் வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தாள். பிறகு துப்பட்டாவின் நுனியால் திரையைத் துடைத்தாள். தலைக்கு மேலே ஐந்து மீட்டர் உயரத்தில் அவளுடைய புது ட்ரோன் ஒரு கருவண்டைப் போல ரீங்கரித்தபடி நின்றது. அதற்கு நேர் கீழே, காலையில் அம்மா போட்ட பதினைந்து புள்ளிக் கோலம் ஒரு கோடு கலையாமல் வெள்ளையாகக் கிடந்தது. திரையிலோ அந்த இடத்தில் தண்ணீர் தெளித்த வெறுந்தரை. கேட் தெரிந்தது, வேப்பமரம் தெரிந்தது, தண்ணீர்த் தொட்டியும் கொடியில் காயும் தம்பியின் கட்டம் போட்ட சட்டையும்கூடத் தெரிந்தன. கோலம் மட்டும் இல்லை.

ட்ரோனை இறக்கிவிட்டு நோட்டை எடுத்தாள். பகலில் தென்காசியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை, சாயங்காலம் ஆறரைக்குக் கடைக்குப் பக்கத்துத் தெரு மாடியில் வீடியோகிராபி வகுப்பு. இரண்டுக்கும் நடுவே இலஞ்சியில் வீட்டுக்கு வந்துபோகும் ஒரு மணி நேரந்தான் அவளுக்குப் பறக்கவிடக் கிடைத்தது. நடந்ததையெல்லாம் எழுதி வைக்காவிட்டால் அது நடந்ததா என்பதிலேயே அவளுக்குச் சந்தேகம் வந்துவிடும். எழுதினாள்: *முதல் நாள். உயரம் ஐந்து மீட்டர். காற்று குறைவு. சாரல் விட்டிருந்தது. நான் நின்ற இடம் கேட் ஓரம். கோலம் தெரியவில்லை. என் தப்பாகத்தான் இருக்கும்.*

தப்பு அம்மாவுடையதாகவும் இருக்கலாம். ட்ரோன் பெட்டியைப் பிரித்த அன்றைக்கே அம்மா உலகம்மாள் சந்தனக் கிண்ணத்தோடு வந்து நின்றாள்.

"எம்மா, லென்ஸ்ல வச்சிராத!"

"ஏன்டீ, வண்டிக்கு வைக்கலியா, மிக்சிக்கு வைக்கலியா? இதுக்கு மட்டும் என்ன கொம்பா மொளச்சிருக்கு?"

"நாலு றெக்க மொளச்சிருக்கும்மா" என்றான் தம்பி மணிகண்டபிரபு. "எதுக்கும் திருஷ்டிப் பூசணிக்காயும் ஒண்ணு கட்டி விடு. பாரம் தாங்காம வீட்டோட கெடக்கும்."

அப்பா மந்திரமூர்த்தி சிரித்துக்கொண்டே லோடு ஆட்டோவுக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தார். தினமும் சாயங்காலம் காய்கறி ஏற்றிக்கொண்டு, செங்கோட்டை தாண்டி, புளியரை வளைவுகளில் ஏறிப் புனலூருக்குப் போவார். விடிகிற நேரத்துக்குத் திரும்புவார். அவர் வண்டிச் சத்தம் கேட்ட பிறகுதான் அம்மா வாசல் தெளிப்பாள்.

வகுப்பில் பென்னி சார் அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, "வெயில்ல வெள்ள வெளுத்துப் போகும். லென்ஸ் முன்னால போடுத கறுப்புக் கண்ணாடி ஒண்ணு வாங்கு. எறங்குததுக்கு ஒரு பாய் வாங்கு. றெக்கைக்குக் காப்பு வாங்கு" என்றார். பிறகு எல்லாருக்குமாகக் குரலை உயர்த்தினார். "கண்ணு வானத்துல இருக்கணும், போன்ல இல்ல. திரையப் பாத்துக்கிட்டே ஓட்டுதவனுக்குக் கீழ என்ன நடக்குன்னு தெரியாது."

அதையும் எழுதிக்கொண்டாள்.

மூன்றும் புதன்கிழமை வந்தன. லென்ஸில் மாட்டும் கண்ணாடி சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. ஆரஞ்சு நிறத்தில் வட்டமான பாய். கோலப்பொடியைக் காற்று அடித்துவிடும் என்று அம்மா சொல்லியிருந்ததால், பாயைக் கோலத்துக்குத் தள்ளி, கேட் பக்கம் விரித்தாள். ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டுக் காப்பு மாட்டும்போது இறக்கை சுற்றி நிற்பதற்குள் கையை நீட்டிவிட்டாள். வலது ஆள்காட்டி விரலில் கத்தி கீறியதுபோல ஒரு வெட்டு. அம்மா திட்டிக்கொண்டே மஞ்சள் வைத்து, தன் பழைய மஞ்சள் புடவையில் ஒரு துண்டு கிழித்துக் கட்டிவிட்டாள்.

அன்று மலை முழுக்க மேகம். குற்றாலத்துப் பக்கமிருந்து வந்த காற்றில் ஈரமும் தென்னம்பாளையின் வாசனையும் கலந்திருந்தன. ட்ரோன் எழும்பியது. கறுப்புக் கண்ணாடி வழியாக உலகம் ஒரு நிறம் மங்கி, பழைய செம்புப் பாத்திரம் போல ஆயிற்று. திரையில் கோலம் இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் அரக்கு நிறப் பிளாஸ்டிக் நாற்காலிகள் மூன்று வரிசையாகப் போட்டிருந்தன. ஒவ்வொன்றின் குழியிலும் சாரல் தண்ணீர் தேங்கி வானத்தைக் காட்டியது.

வேல்விழி தலையைத் தூக்கி வாசலைப் பார்த்தாள். கோலம். வேறொன்றும் இல்லை.

திரையைப் பார்த்தாள். நாற்காலிகள்.

இறங்கிய ட்ரோனை எடுத்தபோது அதிலிருந்து பன்னீர் மணந்தது. மோட்டார் சூட்டோடு, இனிப்பாக, தொண்டையை அடைக்கிற மாதிரி. கைகளைத் துடைத்துக்கொண்டு, பதிவான வீடியோவைத் தம்பியிடம் போட்டுக் காட்டினாள். அதில் கோலம் பளிச்சென்று இருந்தது. கேட் ஓரம் துப்பட்டாவை இடுப்பில் செருகிக்கொண்டு அவளும் நின்றிருந்தாள். நாற்காலி ஒன்றுகூட இல்லை.

"நல்லாத்தான் இருக்கு. எக்கா, ஒனக்கு முழிச்சிக்கிட்டே கனா வருது."

"பறக்கும்போது வேற மாதிரி தெரிஞ்சுதுடா."

"அப்ப கண் டாக்டர்ட்ட போ. ட்ரோன் டாக்டர் தென்காசியில கெடையாது."

நோட்டில் எழுதினாள்: *இரண்டாம் நாள். பதிவில் சரியாக இருக்கிறது. பறக்கும்போது திரையில் நாற்காலிகள். கேட் பக்கம் யாரும் இல்லை. ஒருவேளை தூக்கம் போதவில்லை.*

மறுநாள் காலை பஸ்ஸுக்கு நடக்கும்போது, தெருமுனையில் சங்கரநாராயணன் வீட்டைக் கடந்தாள். அவர் இறந்து ஆறு நாள் ஆகியிருந்தது. பதினாறு கழியும்வரை அந்த வாசலில் கோலம் விழாது. தெளித்த தண்ணீர் மட்டும் மண்ணில் கறுத்துக் காய்ந்துகொண்டிருந்தது. வாடகைக்கு விட்டவர் இன்னும் திரும்ப எடுக்காத நாற்காலிகள் சுவரோரம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நின்றன.

அரக்கு நிறம்.

அவள் கால் அங்கேயே நின்றுவிட்டது. பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று.

அன்று கடையில் ஒரே பக்கத்தை நாற்பது நகல் எடுத்துவிட்டாள். கோலம் இல்லாத வாசல், வரிசையாக நாற்காலி, பன்னீர். அப்பாவுக்கு இரண்டு மாதமாக மூச்சு வாங்குகிறது. புளியரையில் போன வாரந்தான் பனியில் ஒரு லாரி பள்ளத்தில் இறங்கியது. *அப்பா* என்று நோட்டில் எழுதினாள். எழுதினால் நிஜமாகிவிடுமோ என்று பயந்து, தாள் கிழியும்வரை அதன்மேல் பேனாவை ஓட்டினாள்.

அன்று சாயங்காலம் பறக்கவிடக் கூடாதென்றுதான் நினைத்திருந்தாள். கை தானாகப் பேட்டரியை மாட்டியது.

திரையில் நாற்காலிகளில் ஆட்கள் இருந்தார்கள். மேலேயிருந்து தலைகள் மட்டும் தெரிந்தன. எண்ணெய் வைத்த தலைகள், நரைத்த தலைகள், முக்காடு போட்ட தலைகள். ஒரு தலையும் அசையவில்லை. கேட்டுக்கு வெளியே செருப்புகள் குவிந்து கிடந்தன. வீட்டு ஜன்னல் வழியே ஒரு சிவப்பு வயர் வெளியே வந்து, வாசல் நடுவே நீளமாக இருந்த கண்ணாடிப் பெட்டியில் போய்ச் சேர்ந்தது. குளிர்பெட்டி. அதன் மூடியில் வெண்மையாக ஆவி பூத்திருந்தது. உள்ளே யாரென்று தெரியவில்லை.

ட்ரோனைக் கீழே கொண்டுவந்தாள். இறக்கைக் காப்பின் வலையில் ஒரு ரோஜா இதழ் சிக்கியிருந்தது. ஈரமாக. புதிதாக. அவர்கள் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் ரோஜாச் செடி கிடையாது.

வெள்ளிக்கிழமை கடைக்கு லீவு சொன்னாள். மதியம் அப்பா கண்ணசந்த நேரத்தில் ஆட்டோ சாவியை எடுத்து அரிசிப் பானைக்குள் கையை முழங்கைவரை விட்டுப் புதைத்தாள்.

ஐந்து மணிக்கு வீடு தலைகீழானது. "சாவிய எங்கனதான் வச்ச?" என்று அப்பா கேட்க, "நானா ஓட்டிட்டுப் போறேன்?" என்று அம்மா திருப்பிக் கேட்டாள். தம்பி மணி கட்டிலுக்கு அடியில் தவழ்ந்துகொண்டிருந்தான். வேல்விழி கதவோரம் நின்றாள்.

"இன்னைக்கு ஒரு நாள் போவாண்டாம்ப்பா."

"காய் வாடிரும்ளா."

"வாடட்டும்."

மந்திரமூர்த்தி அவள் முகத்தைப் பார்த்தார். "என்னளா, கண்ணெல்லாம் கலங்கியிருக்கு? சரி, போவல. இங்கனதான் இருக்கேன். போதுமா?" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து டிவியைப் போட்டார். மணி கட்டிலுக்கு அடியிலிருந்து எழுந்து, அந்தக் கட்டம் போட்ட சட்டையை உதறிப் போட்டுக்கொண்டான். அம்மா காப்பிக்குப் பால் வைத்தாள்.

மூன்று பேரும் வீட்டுக்குள். கண்ணுக்கு முன்னால். இனி படம் மாறியிருக்க வேண்டும். மாறிவிட்டதா என்று ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும்.

சாரல் விட்டிருந்தது. வெளிச்சம் வேப்பமரத்தின் உச்சியில் மட்டும் மிச்சமிருந்தது. தெருவில் ஒரு நாய்கூட இல்லை. பாயை விரித்தாள், பேட்டரியைச் சரிபார்த்தாள், கண்ணாடியைத் துடைத்தாள், ஒவ்வொன்றையும் நோட்டில் டிக் அடித்தாள். ட்ரோன் எழும்பியது. கண் வானத்தில் இருக்க வேண்டும். கண் திரைக்குப் போயிற்று.

மாறவில்லை.

தலைகள். செருப்புகள். பெட்டி. அவள் ட்ரோனைத் தாழ்த்தினாள். நான்கு மீட்டர். மூன்று. பெட்டியின் தலைமாட்டில் ஒரு பெண் கூந்தல் அவிழ்ந்து கிடக்கக் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டிருந்தாள். அந்த மூக்குத்தி. அம்மா. சுவரில் சாய்ந்து துண்டை வாயில் திணித்துக்கொண்டு ஒருவர். அப்பா! வேல்விழிக்கு மூச்சு வந்தது. அப்பா இருக்கிறார். வேப்பமரத்தடியில் கட்டம் போட்ட சட்டையின் காலரைக் கடித்துக்கொண்டு மணி. மூன்று பேரும் இருக்கிறார்கள். மூன்று பேரும் உயிரோடு. சிரிப்பும் அழுகையுமாக ஏதோ ஒன்று அவள் தொண்டையிலிருந்து வெளியே வந்தது.

பிறகு எண்ணிக்கை முடியவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

வீட்டில் நான்கு பேர்.

திரையில் கேட் ஓரத்தைத் தேடினாள். அவள் நிற்கும் இடம். ஆரஞ்சுப் பாய் இருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. முதல் நாள் அங்கே பார்க்கவேயில்லை. இரண்டாம் நாள் யாரும் இல்லை. அவளே எழுதியிருந்தாள்.

இரண்டு மீட்டர்.

இறக்கைக் காற்றில் கண்ணாடியின் ஆவி விலகியது. ரோஜா மாலை. மாலைக்குக் கீழே சேர்த்துவைத்த இரண்டு கைகள். கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிய வெள்ளைத் துணி. வலது ஆள்காட்டி விரலில் இன்னொரு துணி.

மஞ்சள் துணி.

பேட்டரி குறைவு என்று கைப்பேசி சொன்னது. தானாக இறங்குகிறேன் என்றது. அவள் விரல்கள் எதையும் அமுக்கவில்லை. பன்னீர் மணந்தது. இந்தத் தடவை ட்ரோனிலிருந்து இல்லை. அவளிடமிருந்து.

தலையைத் தூக்கினாள்.

ட்ரோன் பாய்க்கு வரவில்லை. கோலத்தின் நடுவே, தரைக்கு ஒரு முழம் மேலே நின்றுகொண்டிருந்தது. கோலப்பொடி வெள்ளைப் புகையாக எழும்பிச் சுழன்று கொடியிலும் தொட்டியிலும் படிந்துகொண்டிருந்தது. கடைசிப் புள்ளியும் பறந்தது. ட்ரோன் அந்த வெறுந்தரையில் உட்கார்ந்தது. சத்தம் நின்றது.

திரையில் ஆட்களும் பெட்டியும் மறைந்து வெறுந்தரை மட்டும் இருந்தது; இப்போது திரையும் வாசலும் ஒன்றுபோல இருந்தன.

"ஏட்டி வேலு, காப்பி ஆறுது" என்று உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. வேல்விழி வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை.

உலகம்மாள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வெறுந்தரையைப் பார்த்தாள். ட்ரோனைப் பார்த்தாள். கேட்டைப் பார்த்தாள். அவள் பார்வை வேல்விழியின் மேல் நிற்காமல் ஊடே கடந்து தெருவுக்குப் போயிற்று.

"இங்கனதான நின்னா? எங்கன போனா இவ?"

தெருமுனையில் ஒரு லோடு ஆட்டோ திரும்பியது. பின்னால் அடுக்கிக் கட்டிய நாற்காலிகள் பள்ளத்துக்குப் பள்ளம் கடகடவென்று ஆடின. அரக்கு நிறம். ஆட்டோ அவர்கள் கேட்டில் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் இறங்கினார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கேட்டைத் திறந்தார். முதல் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நேராக நடந்துவந்து, வேல்விழி நின்றுகொண்டிருந்த இடத்திலேயே போட்டார்.