அனுப்புநர் அவள்!

ஃபோன் அலறியது.

பகல் பதினொரு மணி. லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தவள் எடுத்தாள்.

"ஆன்லைன் கடைக்காரம்மாவா?" மறுமுனையில் ஒரு பெண். மூச்சு வாங்கியது.

"ஆமா, சொல்லுங்க..."

"கைக்கடிகாரம் கேட்டேன்... கை வந்திருக்கு!"

"எ... என்னது?"

"மனுஷக் கை! மணிக்கட்டோட! பெட்டி மேல உன் பேருதான் இருக்கு!"

லைன் அறுந்தது.

அவளுக்கு வியர்த்துக் கொட்டியது.

அவள் அந்தப் பெட்டியைப் பார்த்ததே இல்லை! மூன்று மாதமாக நடக்கும் வியாபாரம் அது. ஆர்டர் இவளுக்கு வரும். இவள் சப்ளையருக்குச் சொல்வாள். அவன் கிடங்கிலிருந்து நேரே வாங்கியவர் வீட்டுக்கு அனுப்புவான்... இவள் பெயரில்!

சப்ளையர் நம்பரை அழுத்தினாள்.

"அண்ணே! பார்சல்ல... கை!"

எதிர்முனையில் ஒரு கதவு சாத்தப்படும் சத்தம்.

"யார்கிட்டயும் மூச்சு விடாதே. நேர்ல வர்றேன்."

அவள் ஃபோனை வைத்தாள். உடனே இன்னொரு நம்பரை அழுத்தினாள்...

முக்கால் மணி நேரம் கழித்து காலிங் பெல் அடித்தது.

இதுவரை வெறும் குரலாக இருந்தவன் வாசலில் நின்றான். சிரித்த முகம். உள்ளே வந்து, தானே தாழ்ப்பாள் போட்டான்.

"யா... யாரோட கை அண்ணே?"

"என் பார்ட்னர். நான் அனுப்புறது போலி வாட்ச்னு வெளியே சொல்லிடுவேன்னான்." சாவகாசமாக நாற்காலியை இழுத்தான். "ஆத்துல போட வச்சிருந்த பெட்டி. எவனோ அவசரத்துல உன் லேபிளை ஒட்டிட்டான்."

"நான் போலீசுக்குப் போறேன்!"

"தாராளமா போ. முதல்ல உள்ளே போறது நீதான். வியாபார லைசென்ஸ் இருக்கா? இல்லை. விற்பனை வரிக்குப் பதிவு பண்ணியா? அதுவும் இல்லை. திருட்டு வியாபாரம் பண்றவ பேச்சை எவன் நம்புவான்?"

"சரக்கைத் தொடாதவங்களுக்கு லைசென்ஸ் வேண்டாம்னு நீங்கதானே சொன்னீங்க!"

"நம்பினே பாரு... அதுக்குத்தான் உன்னைப் பிடிச்சேன்."

அவன் கை பாக்கெட்டுக்குள் போனது. கத்தி வெளியே வந்தது!

அவள் சுவரோடு ஒட்டினாள். ஆனாலும் பேசினாள்.

"நான் நம்பலை அண்ணே."

"என்ன?"

"என் நாத்தனார் வரி ஆலோசகர். 'சரக்கை எவன் அனுப்பினா என்ன? விக்கிறது நீ. வரி வாங்கிக் கட்ட வேண்டியதும் நீ'ன்னு காதைத் திருகி லைசென்ஸ், வரிப் பதிவு ரெண்டையும் எடுக்க வச்சாங்க. போன மாசமே!"

அவன் முகம் வெளிறியது.

"அப்போ உங்க பில்லுல இருந்த வரி நம்பரையும் சரிபார்க்கச் சொன்னாங்க. வரித்துறை வெப்சைட்ல தட்டினேன். உங்க கிடங்கோட விலாசம் வந்துச்சு. அதை இன்னிக்கு போலீஸ்கிட்ட கொடுத்துட்டேன். பார்ட்னரோட மிச்சம் இந்நேரம் கிடைச்சிருக்கும்!"

அவன் கத்தியை ஓங்க...

சமையலறைக் கதவு படீரெனத் திறந்தது!

"கீழே போடு!"

இன்ஸ்பெக்டர். கையில் துப்பாக்கி.

கத்தி தரையில் விழுந்தது. விலங்கு பூட்டப்பட்டது. அவளுக்கு இப்போதுதான் மூச்சே வந்தது.

"எ... எங்கே சார் கூட்டிட்டுப் போறீங்க?" என்றான் அவன்.

இன்ஸ்பெக்டர் அவன் தோளில் தட்டினார்.

"உன் பாணியிலதான்யா... நேரா ஜெயிலுக்கு. நடுவுல எங்கேயும் இறக்கி ஏத்த மாட்டோம். டெலிவரி ஃப்ரீ!"